ஜனாதிபதி வேட்பாளரை எதைக் கொண்டு அளப்பது?

ஜனாதிபதித் தேர்தல் என்றால் நம் லயங்களில் யாரும் அடுப்பை விட்டு எழுந்து வருவதில்லை. கொடி கிடையாது, ஜீப்பு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான். பத்திரிகையில் வேட்பாளரின் படம் வந்தால், "எந்த ஊர்? நம்ம ஆளா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து வைத்து, கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுகிறோம்.

2022 ஜூலை 25ல் பதவியேற்ற திருமதி திரௌபதி முர்முவின் ஐந்தாண்டு 2027 ஜூலையில் முடியும். அதற்கு வெகு முன்பே பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும், எப்போதும் அப்படித்தான். அவர் தகுதியானவர், இவர் பொம்மை, அவர் பெரிய படிப்பாளி, இவர் ஏழை வீட்டுப் பிள்ளை என்று டில்லியில் இருந்து சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தருவதற்கு முன் நாமாக ஒரு படியை எடுத்து அளந்து பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

"ராஷ்டிரபதி பவனுக்கும் மூணாறுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தோழர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். வீட்டுப் பெட்டியைத் திறந்து சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதற்குக் காரணம் ஒரு ஜனாதிபதியின் கையெழுத்து. அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவுப்படி, 1950 ஆகஸ்ட் 10ல் பிறந்தது பட்டியல் சாதிகள் ஆணை. அப்போது ஜனாதிபதி பாபு ராஜேந்திர பிரசாத். எந்த மாநிலத்தில் எந்தச் சாதி பட்டியலில் வரும் என்று வகுத்த அந்த ஆணையின் தேதிதான் இன்றுவரை நம் பிள்ளைகளின் கழுத்தில் தொங்குகிறது. தாத்தா அந்தத் தேதிக்கு முன் மலையேறினாரா, பின்பு ஏறினாரா? முன்பு என்றால் அதை நிரூபி. பின்பு என்றால் தமிழ்நாட்டுக்குப் போய்க் கேள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணியின் பின்னால் சட்டி பானையோடு நடந்து வந்தவர்கள் தேதி எழுதியா வைத்தார்கள்? எஸ்டேட் ஆபீசின் பழைய பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடி மூன்று தலைமுறை அலைகிறது.

ஒரு எம்.எல்.ஏ.வே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021ல் வென்ற திரு. ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள ஹைகோர்ட் 2023 மார்ச்சில் செல்லாதென்றது. மதம் என்ன என்ற கேள்வியோடு, 1950க்கு முன் பாட்டன் பாட்டி எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து அவர் பதவியை உறுதிப்படுத்தியது. எம்.எல்.ஏ.வுக்கு டில்லி வரை போக வழியிருந்தது. நெல்லியாம்பதியிலோ வண்டிப்பெரியாறிலோ பிளஸ் டூ முடித்துவிட்டுத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அது இல்லை.

இன்னொரு கையெழுத்தையும் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்த சட்டம். அது சரியாக அமலானதா என்பது வேறு கதை. ஒழுகும் கூரைகளே அதற்குச் சாட்சி. ஆனாலும் நோட்டீசில் எழுதிக் கேட்பதற்கு ஒரு சட்டத்தின் பெயர் நம் கையில் இருந்தது. 2020 செப்டம்பரில் அந்தச் சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் ஒரே தொகுப்பில் கரைத்து, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். செப்டம்பர் 22ல் லோக்சபை, 23ல் ராஜ்யசபை. எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்து வெளியே நின்ற நேரம் அது. செப்டம்பர் 28ல் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கையெழுத்திட்டார். ஐந்தே நாள். நம்மில் ஒருவர் பி.எப். பணம் கேட்டு மனுக் கொடுத்தால் மனு மேசை மாறவே ஐந்து வாரம் ஆகும். எழுபது வருஷத்துச் சட்டம் கரைந்துபோக ஐந்து நாள் போதுமாக இருந்தது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல் அமலுக்கும் வந்தது.

ஜனாதிபதி என்ன செய்திருக்க முடியும், மந்திரிசபை சொன்னால் கேட்க வேண்டியதுதானே என்பார்கள். பாதி சரி. மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்பதை 1976ல் வந்த 42ஆவது திருத்தம் கட்டாயமாக்கியது. ஆனால் 1978ல் வந்த 44ஆவது திருத்தம், "மறுபடி யோசியுங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையைக் கொடுத்தது. பார்லிமெண்ட் நிறைவேற்றிய மசோதாவையும் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் அப்படியே நிறைவேற்றி அனுப்பினால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். ஆக, அந்தப் பெரிய மாளிகையில் இருப்பவரின் கையில் நிஜமாக உள்ள ஆயுதம் ஒரே ஒரு கேள்வி. அதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்கலாம். அந்த ஒரு தடவையில் நாடு முழுவதும் நின்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. பத்திரிகை எழுதும், சங்கங்கள் கூடும், எம்.பி.க்களுக்குத் தந்தி போவதுபோல் மனுக்கள் போகும். அதைக் கேட்கத் தெரிந்தவரா என்பதுதான் வேட்பாளரிடம் நாம் பார்க்க வேண்டியது. வயது 35, லோக்சபைக்கு நிற்கும் தகுதி, முன்மொழிய ஐம்பது பேர், வழிமொழிய ஐம்பது பேர், டெபாசிட் பதினையாயிரம் ரூபாய் என்று சட்டம் கேட்பதெல்லாம் கதவைத் திறக்கும் சாவிகள் மட்டுமே.

இந்த அளவுகோலை நம் மண்ணிலேயே வைத்துப் பார்க்க 1997ஆம் ஆண்டுத் தேர்தலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் திரு. டி.என். சேஷன்: பாலக்காடு திருநெல்லாயியில் பிறந்த தமிழர், பாலக்காட்டிலேயே படித்தவர். தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக மதுரைக் கலெக்டராகவும் இருந்தவர். போடியும் கம்பமும் அன்று மதுரை மாவட்டம்தான். மற்றவர் திரு. கே.ஆர். நாராயணன்: கோட்டயம் மாவட்டம் உழவூரில், ஒடுக்கப்பட்ட சாதியில், கூரை வீட்டில் பிறந்த மலையாளி. 1984, 1989, 1991 என மூன்று முறை ஒற்றப்பாலம் தொகுதியிலிருந்து பார்லிமெண்ட் போனவர். ஒருவர் பாலக்காடு பெற்ற பிள்ளை, மற்றவர் பாலக்காடு மாவட்டத்துத் தொகுதி தேர்ந்தெடுத்த பிள்ளை. தமிழருக்கும் மலையாளிக்கும் போட்டி என்று இதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

சேஷனுக்கு நாம் பட்ட கடன் சிறியதல்ல. 1990 டிசம்பர் முதல் ஆறு ஆண்டுகள் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்து, பணத்தையும் அடியாளையும் வைத்துத் தேர்தல் நடத்தியவர்களை நடுங்க வைத்தார். புகைப்படத்தோடு கூடிய வாக்காளர் அட்டை வேண்டும் என்று 1993ல் உத்தரவு போட்டு, தராவிட்டால் தேர்தலே இல்லை என்று நின்றார். பட்டா இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு அந்த அட்டையின் அருமை தெரியும். இரண்டு மாநில எல்லையில் கிடக்கும் நம்மைப் பார்த்து "நீ இங்கே உள்ளவனா, அங்கே உள்ளவனா?" என்று கேட்கும்போது எடுத்து நீட்ட ஒரு காகிதம் கிடைத்தது.

ஆனால் தேர்தல் கமிஷனர் வேலை ஒன்று, ஜனாதிபதி வேலை வேறொன்று. அங்கே உத்தரவு போட வேண்டும். இங்கே கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். 1993 ஆகஸ்டில், தன் அதிகாரத்தை மத்திய சர்க்கார் ஒப்புக்கொள்ளும் வரை நாட்டில் எந்தத் தேர்தலும் நடக்காது என்று உத்தரவிட்டவர் அவர். அக்டோபரில் சர்க்கார் மேலும் இரண்டு கமிஷனர்களை நியமித்தபோது, கூட உட்கார்ந்து வேலை செய்ய மறுத்துக் கோர்ட்டுக்குப் போனார். 1995ல் சுப்ரீம் கோர்ட் மூவரும் சமம் என்று தீர்ப்புச் சொன்னது. பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் இருப்பதையே பொறுக்காத குணம், முழு மந்திரிசபையோடும் ஐந்து வருஷம் எப்படி ஒத்துப் போகும்? அவருடைய நேர்மையில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த நாற்காலிக்கு அவர் ஏற்றவரா என்றால், இல்லை என்றுதான் நாம் சொல்வோம். நம் மொழிக்காரர் என்பதற்காக இதை மென்று விழுங்க வேண்டியதில்லை.

கணக்கும் அப்படித்தான் வந்தது. நாராயணனுக்கு 9,56,290; சேஷனுக்கு 50,631. சிவசேனையும் சில சுயேச்சைகளும்தான் சேஷனோடு நின்றார்கள். தமிழர்களை பம்பாயிலிருந்து விரட்டுவோம் என்று முழங்கித் தொடங்கிய கட்சி ஒரு பாலக்காட்டுத் தமிழருக்கு ஓட்டுப் போட்டதை என்னவென்று சொல்வது! அரசியலில் எல்லாம் நடக்கும்.

வென்றவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பதவியேற்று மூன்று மாதம் ஆகவில்லை. 1997 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தில் பா.ஜ.க. மந்திரிசபையைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் சர்க்கார் எழுதிய காகிதத்தை நாராயணன் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு செப்டம்பரில் பீகாரில் ராப்ரி தேவி சர்க்காரைக் கலைக்கச் சொல்லி வாஜ்பாய் சர்க்கார் எழுதிய காகிதத்தையும் அதேபோல் திருப்பினார். ஒரு முறை தப்பியது பா.ஜ.க. ஆட்சி, மறு முறை தப்பியது பா.ஜ.க.வின் எதிரி ஆட்சி. 1999 பிப்ரவரியில் பீகார் காகிதம் இரண்டாம் தடவை வந்தபோது சட்டப்படி கையெழுத்திட்டார். ராஜ்யசபையில் ஆதரவு கிடைக்காமல் சர்க்காரே அதை வாபஸ் வாங்க நேர்ந்தது. கேள்விக்குள்ள பலம் இதுதான். 1998 தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டது அதுவே முதல் தடவை.

மாநில ஆட்சி கலைந்தால் நமக்கென்ன என்று கேட்கக்கூடாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு கொந்தளிப்பின்போது ஏலக்காடுகளை விட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேனிப் பக்கம் இறங்கிய குடும்பங்களுக்குத் தெரியும், மேலே இருக்கிறவர்கள் நிதானம் இழந்தால் அடி எங்கே விழும் என்று.

2002ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றிப் பேசுவது சற்றுக் கஷ்டம். ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் படம் மாட்டாத பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் உண்டா? எதிர்த்து நின்றவர் இடதுசாரிகளின் வேட்பாளர் கேப்டன் லட்சுமி. தாயார் அம்மு சுவாமிநாதன் பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும் பகுதி மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் என்பதை நம் தாய்மார்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? கடல் தாண்டிப் போன கூலிக்காரப் பெண்களைப் படையாக நிறுத்திய அந்த அம்மையார், 87ஆவது வயதில், தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்றார். கலாமுக்கு 9,22,884, அவருக்கு 1,07,366.

கலாமின் எளிமையையும் பிள்ளைகள் மீது அவர் வைத்த அன்பையும் குறைத்துச் சொல்ல நமக்கு நாக்கு வராது. ஆனால் நம் படியில் அவரையும் அளக்கத்தான் வேண்டும். 2005 மே 22 நள்ளிரவு, அவர் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டசபையைக் கலைக்கும் காகிதம் அங்கே போனது, கையெழுத்து விழுந்தது. அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று பிற்பாடு சுப்ரீம் கோர்ட் சொன்னது. விடியட்டும், ஊருக்கு வந்து பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறு ஆண்டு, ஆதாயப் பதவி மசோதாவை அவர் திருப்பி அனுப்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கற்றுக்கொண்டார் போலும். பதவியில் அமர்ந்த பிறகு கற்றுக்கொள்வதற்கும், கற்றுக்கொண்டு வந்து அமர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர் என்றால் மட்டும் போதுமா? வி.வி. கிரியை நினைத்துப் பாருங்கள். ரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர், அகில இந்தியச் சம்மேளனத்தின் தலைவராகவே இருந்தவர். வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை மந்திரிசபை மாற்றியது பிடிக்காமல் 1954ல் தொழிலாளர் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்தவர். 1960 முதல் 1965 வரை கேரளத்தின் கவர்னர். நம் படியில் வைத்தால் தலை தட்டி அளக்க வேண்டிய ஆள். அப்படிப்பட்டவர் ஜனாதிபதியாக இருந்த 1974 மே மாதத்தில்தான் ரயில்வே ஸ்டிரைக்கை நசுக்கி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைச் சிறையில் தள்ளினார்கள். மாளிகையிலிருந்து சத்தம் வரவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 25 இரவு, மந்திரிசபை கூடுவதற்கு முன்பே அவசரநிலைக் காகிதத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அந்தச் செப்டம்பரில் ஒரு அவசரச் சட்டம் குறைந்தபட்ச போனசை 8.33 சதவீதத்திலிருந்து 4 ஆக இறக்கியது. அதற்கும் ஜனாதிபதியின் கையெழுத்துதான். 2015ல் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து இருபது சதவீதம் கேட்டுப் போராடிய நம் பெண்கள், போனஸ் என்பது மேலிருந்து தானாக விழும் பழமல்ல என்பதைச் சொல்லாமலே உணர்ந்திருந்தார்கள்.

நேர் எதிரான கதையும் உண்டு. 1982ல் ஜெயில் சிங்கை நிறுத்தியபோது நாடே சிரித்தது. தலைவி சொன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்குவேன் என்ற அர்த்தத்தில் பேசியவர் ஆயிற்றே! அவர்தான், பொதுமக்களின் கடிதங்களைச் சர்க்கார் பிரித்துப் பார்க்க வழி செய்யும் தபால் மசோதா 1986ல் வந்தபோது, கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை. ஊரில் இருக்கும் தாய்க்கு எழுதும் கடிதமும் மணியார்டரும்தான் உறவு என்று வாழ்ந்த அன்றைய நம் குடும்பங்களுக்கு, எவரும் எதிர்பாராத ஒரு மனிதர் செய்த உபகாரம் அது.

ஆகவே நம் படியும் நூற்றுக்கு நூறு சரியான படி அல்ல. இருந்தாலும் வேறு எந்தப் படியையும்விட இது மேல். வேட்பாளர் முன்பு வகித்த பதவியில், தனக்கு அந்தப் பதவியைக் கொடுத்தவர்களுக்கே "வேண்டாம்" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? அதைப் பார்க்க வேண்டும். 2022ல் முர்முவின் பெயர் வந்தபோது பொம்மை என்றார்கள் பலர். ஆனால் ஜார்க்கண்ட் கவர்னராக இருந்த அவர், பழங்குடியினரின் நிலத்தைக் காக்கும் பழைய சட்டங்களைத் தளர்த்தும் மசோதாக்களை 2017ல் திருப்பி அனுப்பியவர். அனுப்பியது தன் கட்சியின் மாநில சர்க்காருக்கே. அந்தச் செய்தியை நம் பக்கத்தில் எத்தனை பேர் படித்தோம்? பழங்குடிப் பெண் என்பதையே ஒரு சாரார் கொண்டாடினார்கள், ஒரு சாரார் குறை சொன்னார்கள். அவர் செய்ததைப் பார்க்கவில்லை. கேரளக் கவர்னர் 2023 நவம்பரில் ஏழு மசோதாக்களை அவரிடம் அனுப்ப, அவற்றில் சிலவற்றுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதும், 2024 மார்ச்சில் கேரளம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதும் பின்னால் நடந்த கதை. "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த கை யாரிடம் அதைச் சொல்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் பங்குக்கு வருவோம். கேரளத்து எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 152; தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176. 1971 ஜனத்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட மதிப்பு இது. அந்தக் கணக்கில் நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தலை எண்ணப்பட்டு இருக்கிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் ஐந்து எம்.எல்.ஏ., பாலக்காட்டில் பன்னிரண்டு. பதினேழு பேருக்கும் சேர்த்து 2,584. கடலில் பெருங்காயம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் என்று தமிழ் ஓட்டு கேட்டு லயம் லயமாக ஏறி இறங்குகிறவர்களின் கையில்தான் அது இருக்கிறது. 2026 தேர்தலில் அமையும் சட்டமன்றமே 2027ல் வாக்களிக்கும்.

இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு கிடையாது; ஓட்டு ரகசியம். 2022ல் கேரளத்தின் 140 ஓட்டும் யஷ்வந்த் சின்ஹாவுக்கே என்று இரண்டு அணிகளும் சொல்லிக்கொண்டிருந்தன. பெட்டியைத் திறந்தபோது 139 அவருக்கு, ஒன்று முர்முவுக்கு. அந்த ஒருவர் செய்தது சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. கட்சி சொன்னால் என் கை கட்டிப்போச்சு என்று இனி எந்த எம்.எல்.ஏ.வும் நம்மிடம் சொல்ல முடியாது என்பதே பேச்சு.

எனவே, பெயர்கள் வெளியாகும் மாதத்தில் ஒவ்வொரு கிளையும் தன் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் வேட்பாளர் இதற்குமுன் எந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பினார், அல்லது எதில் கையெழுத்திட மறுத்தார் என்று கேளுங்கள். 1950ஆம் ஆண்டுத் தேதியால் சான்றிதழ் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி அவரிடம் பேசுவீர்களா என்றும் கேளுங்கள். பதில் வந்தால் நகலைச் சங்க ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள். தொகுதியின் பெயரோடு இதே பக்கத்தில் அச்சிடுகிறோம். பதில் வராத தொகுதிகளின் பெயரையும் அச்சிடுவோம்.